ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்

2011 கடைசியில் எங்கள் ஊர்ப் பக்கம் எல்லோரும் நிலவியல் பேசினார்கள். வள்ளியூர் போகிற பஸ்ஸில், ராதாபுரம் தாலுகா ஆபீஸ் வாசலில், இடிந்தகரை மாதா கோவில் பந்தலில் எங்கே பார்த்தாலும் பிளவு, ரிக்டர், அடிப்பாறை. அதற்கு முன்னால் பாறை என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். கிணறு வெட்டும்போது முப்பதாவது அடியில் குறுக்கே வந்து காசைக் கரைக்கிற சனியன்.

மார்ச் 11 அன்று ஜப்பானில் கடல் ஏறி ஃபுகுஷிமா அணுஉலை வெடித்ததை டிவியில் பார்த்த ஊர் இது. 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்டு, 2002இல் கான்கிரீட் கொட்ட ஆரம்பித்த கூடங்குளம் ஆலை அப்போது கிட்டத்தட்ட முடிந்து நின்றது. செப்டம்பரில் இடிந்தகரையில் உண்ணாவிரதம். நவம்பரில் மத்திய அரசு ஏ. இ. முத்துநாயகம் தலைமையில் 15 பேர் கொண்ட வல்லுநர் குழுவை அமைத்தது. அரசு தரப்பில் திரும்பத் திரும்பச் சொன்னது மூன்று விஷயம். இந்த இடம் நில அதிர்வு வரைபடத்தில் இரண்டாம் மண்டலம், அதாவது ஆபத்து குறைந்தது. அடியில் இருப்பது கெட்டிப் பாறை. சுனாமியைக் கிளப்பக்கூடிய பிளவு ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

இந்த மூன்றாவதை நான் பேப்பரைப் பார்த்து ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து கேட்டாள்.

"ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டர்ல அங்க என்னல இருக்கு?"

"அந்தமான் ஆச்சி."

"அது தெரியும். அந்தமான்ல என்ன இருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், அந்த இரண்டு வருட வாக்குவாதத்தில் இரு தரப்பிலும் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. தூரத்தைப் பற்றிச் சண்டை போட்டோம், தூரத்தில் இருக்கிற பொருளைப் பற்றி அல்ல. இந்தக் கட்டுரை ஆச்சிக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்.

*

முதலில் காலடியில் இருப்பது.

உவரிப் பக்கமோ கூட்டப்பனைப் பக்கமோ கடற்கரையில் நடந்தவர்களுக்குத் தெரியும். அலை பின்வாங்கும்போது மணலில் கருப்பும் சிவப்புமாகக் கோடு விழும். கருப்பு இல்மனைட். சிவப்பு கார்னெட். இந்தத் தாதுமணல் அள்ளுவதைச் சுற்றி நடந்த அரசியலும் 2013இல் வந்த தடையும் தனிக்கதை. இங்கே எனக்குத் தேவை அந்தச் சிவப்புத் துகள் மட்டும்தான்.

எங்கள் பக்கத்துப் பாறைகளில் கார்னெட் உருவாகும் வழி இது. கடலடியில் சேறும் மணலும் அடுக்கடுக்காகப் படிகின்றன. இரண்டு நிலப்பாளங்கள் நெருங்கும்போது நடுவிலிருக்கும் கடல் மூடிக்கொள்கிறது. படிந்த சேறு நசுங்கி, மடிந்து, மலையின் வேருக்குள் 20, 30 கிலோமீட்டர் ஆழத்துக்கு அமுங்குகிறது. அங்கே 800 டிகிரிக்கு மேல் வேகிறது. களிமண்ணில் இருந்த அலுமினியமும் இரும்பும் கூடி கார்னெட் பழங்களாகப் பழுக்கின்றன. தென் திருநெல்வேலியிலும் கன்னியாகுமரியிலும் தென் கேரளத்திலும் இது நடந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன். இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாம் முட்டி மோதி கோண்டுவானா என்கிற ஒரே பெருநிலமாக ஒட்டிக்கொண்ட காலம். அப்போது இங்கே இமயம் மாதிரி மலை இருந்திருக்க வேண்டும். அது முழுக்கத் தேய்ந்துபோய், அதன் வேர் மட்டும் இன்று வெயில் காய்கிறது. அதன் மேல்தான் ஆலை நிற்கிறது.

இந்தப் பாறைகளுக்குப் பெயர் வைத்த கதையே வேடிக்கையானது. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் நம்ம பல்லாவரத்துக் கல். அதைப் பார்த்துவிட்டு தாமஸ் ஹாலண்ட் 1890களில் அந்தப் பாறைவகைக்கு சார்னக்கைட் என்று பெயரிட்டார். கல் நம்முடையது, பெயர் செத்துப்போன வெள்ளைக்காரருடையது. கார்னெட் நிறைந்த, சேற்றிலிருந்து பிறந்த பாறைக்கு ஒடிசாவின் கோண்டு மக்களை வைத்து கோண்டலைட் என்று பெயர் வந்தது. அது பரவாயில்லை.

ஆக, கெட்டிப் பாறை என்று குழு சொன்னது பொய்யில்லை. ஆனால் இந்தக் கல் ரொம்ப வெந்துவிட்டது. சேறு எப்படிப் படிந்தது, ஆழ்கடலா கரையோரமா, எந்தப் பக்கமிருந்து தள்ளப்பட்டது என்கிற நுண்மையான தடயங்கள் எல்லாம் அடுப்பில் போன கடிதம் மாதிரி அழிந்துவிட்டன. மலை முளைக்கும்போது கடல்சேற்றுக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் இன்னும் வேகாத கல்லிடம் போக வேண்டும். அது இருப்பது 1,500 கிலோமீட்டர் தள்ளி.

*

மாமா பையன் ஒருவன் போர்ட் பிளேரில் கடை வைத்திருக்கிறான். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள், அவன் இன்னும் பிளேர் என்றுதான் சொல்கிறான். நான் போனபோது செல்லுலார் சிறை, ஹேவ்லாக் என்று பட்டியல் வைத்திருந்தான். கார்பின்ஸ் கோவ் போகிற வழியில் கடலோரக் கல்லைப் பார்க்கணும் என்றேன்.

"கல்ல பாக்கவா கப்பல் ஏறி வந்திய?" என்றான்.

ஆனால் அந்தக் கல்லைப் பார்த்ததும் அவனும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். பழுப்பு நிற மணற்கல் ஒரு சாண், அதன் மேல் கருஞ்சாம்பல் நிறக் களிப்பாறை நாலு விரல், மறுபடி மணற்கல், மறுபடி களி. நூற்றுக்கணக்கான அடுக்கு. யாரோ கணக்குப் பார்த்து அடுக்கிய செங்கல் சுவர் மாதிரி. ஆனால் சுவர் நிமிர்ந்து நிற்கவில்லை. சாய்ந்து கிடக்கிறது. சில இடத்தில் மடங்கித் தன் மேலேயே படுத்திருக்கிறது.

இதற்கு அந்தமான் ஃபிளிஷ் என்று பெயர். வயது சுமார் 2.3 கோடியிலிருந்து 3.4 கோடி ஆண்டு. எங்கள் ஊர்க் கல்லோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்த குழந்தை. ஃபிளிஷ் என்பது சுவிட்சர்லாந்து மலைக்காரர்களின் பேச்சுச்சொல். மலைச்சரிவில் நழுவி ஓடும் ஏட்டுக்கல்லை அப்படிச் சொல்வார்கள். பெர்ன்ஹார்ட் ஸ்டூடர் 1827இல் அதை நிலவியலுக்குள் கொண்டுவந்தார். நம் குவாரிக்காரர்கள் பேச்சிலிருந்து ஒரு சொல்லாவது உலக நிலவியலுக்குப் போயிருக்கலாம் என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

இந்த மணல்-களி, மணல்-களி அடுக்கு எப்படி வந்தது என்பது நூறு வருஷத்துக்கும் மேல் புதிராக இருந்தது. ஆழ்கடலில் மெல்லிய சேறுதான் படிய வேண்டும். மணல் அங்கே எப்படிப் போனது? விடை ஒரு விபத்தில் கிடைத்தது. 1929 நவம்பர் 18 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே, கிராண்ட் பேங்க்ஸ் என்ற மேட்டின் ஓரத்தில் கடலடி நிலநடுக்கம். அட்லாண்டிக் அடியில் போட்டிருந்த தந்திக் கேபிள்கள் பன்னிரண்டு அறுந்தன. கூத்து என்னவென்றால், நிலநடுக்கம் நடந்த இடத்துக்குத் தொலைவில் இருந்த கேபிள்கள் ஒன்றன் பின் ஒன்றாக, மணிக்கணக்கில் தாமதித்து, சரிவில் கீழே போகப்போக வரிசையாக அறுந்தன. ஏதோ ஒன்று கடலடியில் ஓடிக்கொண்டே அறுத்திருக்கிறது. 1952இல் புரூஸ் ஹீஸனும் மாரிஸ் யூவிங்கும் அந்த நேரக்குறிப்புகளை வைத்துச் சொன்னார்கள். சரிந்த சேறும் மணலும் தண்ணீரோடு கலந்து, கடலுக்கு அடியில் ஒரு வெள்ளமாகப் பாய்ந்திருக்கிறது. டர்பிடிட்டி கரண்ட் என்பார்கள். கலங்கல் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். தாமிரபரணி ஏறி வடிந்த பிறகு ஸ்ரீவைகுண்டத்தில் சித்தி வீட்டைக் கழுவப் போயிருந்தோம். மண்வெட்டியால் வெட்டினால் அடியில் பரும்மணல், அதன் மேல் நைஸ் மணல், அதன் மேல் வண்டல், கடைசியில் மெழுகு மாதிரி வழவழவென்று ஒரு களிப்படலம். கனமானது முதலில் இறங்கும், லேசானது கடைசியில் இறங்கும். ஒரு வெள்ளம், ஒரு அடுக்கு. கார்பின்ஸ் கோவ் பாறையிலும் ஒவ்வொரு மணற்கல்லும் அடியில் பருவெட்டாகவும் மேலே நைசாகவும் இருக்கிறது. அங்கே நூற்றுக்கணக்கான அடுக்கு என்றால் நூற்றுக்கணக்கான கலங்கல் ஓட்டங்கள். இரண்டுக்கும் நடுவில் வருஷக்கணக்கான அமைதி.

அந்தச் சேறு யாருடையது என்பதில் இன்னும் சண்டை. இமயத்திலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து வங்காள விரிகுடாவின் அடியில் கொட்டுகிற வண்டல் விசிறி உலகத்திலேயே பெரியது. சுமார் 3,000 கிலோமீட்டர் நீளம், இலங்கையைத் தாண்டித் தெற்கே போகிறது. அந்தமான் ஃபிளிஷ் அதன் பழைய பகுதி என்று ஒரு கட்சி. பெரும்பகுதி பர்மா பக்கத்திலிருந்து வந்தது, இமயத்தின் பங்கு குறைவு என்று மணல் துகள்களைப் பரிசோதித்த இன்னொரு கட்சி. எதுவானாலும், எங்கேயோ ஒரு மலை கரைந்து, கடலடியில் படுத்து, இங்கே வேறொரு மலையாக எழும்பிக்கொண்டிருக்கிறது.

*

எழுப்புவது எது?

அந்தமானுக்கு மேற்கே, கடலடியில், இந்தியப் பாளம் கிழக்கு நோக்கிப் போய் பர்மா பாளத்துக்கு அடியில் நுழைகிறது. வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், நகம் வளர்கிற வேகம். இந்தியப் பாளத்தின் மேல் படுத்திருக்கும் சேறு உள்ளே போக மறுத்து, மேற்பாளத்தின் முன்விளிம்பில் வழித்தெடுக்கப்பட்டுக் குவிகிறது.

தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருகிறவர்களைப் பாருங்கள். நீளக் கம்பின் நுனியில் மரப்பலகை. அதை வைத்து இழுக்கும்போது பலகைக்கு முன்னால் உப்பு ஆப்பு வடிவத்தில் குவியும். பலகை ஓரத்தில் உயரம், முன்னே போகப்போகச் சரிவு. இழுக்க இழுக்க ஆப்பு பெரிதாகும், ஆனால் அதன் சரிவு மாறாது. உள்ளே பார்க்க முடிந்தால், உப்புப் படலம் துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, ஒவ்வொரு துண்டும் அடுத்ததன் மேல் ஏறிச் சாய்ந்து கிடக்கும். அப்படி ஒரு துண்டு மற்றொன்றின் மேல் ஏறுகிற வெட்டுக்குத்தான் த்ரஸ்ட் ஃபால்ட் என்று பெயர். நான் ஏறுபிளவு என்று எழுதுகிறேன். அந்தமான் தீவுகள் அந்த உப்புக்குவியலின் தண்ணீருக்கு மேலே தெரிகிற முதுகு. அதனால்தான் தீவுகள் வடக்கு தெற்காக நூல் பிடித்த மாதிரி நிற்கின்றன, அதனால்தான் உள்ளே ஓடும் ஏறுபிளவுகளும் வடக்கு தெற்காகவே ஓடுகின்றன. கூகுள் எர்த்தைத் திறந்து பாருங்கள், பர்மாவின் அரக்கான் மலையிலிருந்து சுமத்ரா வரை ஒரே வளைவு.

ஏறுபிளவை நெருங்க நெருங்கக் கல் எப்படி மாறுகிறது என்பதுதான் நான் பார்க்கப் போனது. பிளவுக்குத் தூரத்தில் அடுக்குகள் லேசாகச் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். கொஞ்சம் நெருங்கினால் மடிப்பு. பத்தமடைப் பாயைத் தரையில் விரித்து ஒரு ஓரத்தைத் தள்ளினால் சின்னச்சின்ன மடிப்பாக விழும். ஜமக்காளத்தைத் தள்ளினால் பெரிய மடிப்பாக விழும். கல்லும் அப்படியே. மெல்லிய மணற்கல் அடுக்கு நெருக்கமாகச் சுருங்குகிறது, தடித்தது அகலமாக வளைகிறது. ஒரே பாறைமுகத்தில் இரண்டையும் பார்க்கலாம். இன்னும் நெருங்கினால் மடிப்பு ஒரு பக்கமாகக் கவிழ்ந்து, கீழடுக்கு மேலே வந்துவிடுகிறது. எது மேல் எது கீழ் என்று எப்படித் தெரியும்? சித்தி வீட்டுச் சேறுதான் சாட்சி. பரும்மணல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அது அடிப்பக்கம்.

பிளவை ஒட்டிய கடைசிப் பகுதியில் அடுக்கு என்பதே இல்லாமல் போகிறது. மணற்கல் முறுக்கித் துண்டாகி, பாதாம் பருப்பு வடிவக் கட்டிகளாகக் களிக்குள் மிதக்கிறது. களிப்பாறை செதில் செதிலாக உரிகிறது. ஒரு செதிலைத் தொட்டால் மெருகு போட்ட மாதிரி பளபளப்பு, அதில் கீறல் கோடுகள். ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போன தடம் அது. வெடிப்புகளில் வெள்ளைக் கால்சைட் நரம்பு. அது பிழியப்பட்ட தண்ணீர் ஓடிய வழி.

தண்ணீரை மறந்துவிட்டால் இந்தக் கதை புரியாது. கிலோமீட்டர் கணக்கில் தடிமன் உள்ள பாறைப் பாளம் நொறுங்காமல் எப்படி இன்னொன்றின் மேல் வழுக்க முடியும்? உராய்வு விடாதே? 1959இல் கிங் ஹப்பர்ட்டும் வில்லியம் ரூபியும் சொன்ன பதில், அடியில் அகப்பட்ட தண்ணீரின் அழுத்தம் பாளத்தைத் தூக்கிப் பிடிக்கிறது என்பது. நம் வீட்டில் வெந்நீரில் கழுவிய டம்ளரை ஈரமான கடப்பைக் கல்லில் கவிழ்த்தால் தானாக நகர்ந்து போகுமே, அதே விஷயம். அந்தமானில் இந்தத் தண்ணீர் வெளியே வருகிற இடத்தையும் பார்க்கலாம். பாராடாங் தீவில் சேற்று எரிமலை இருக்கிறது. நெருப்பெல்லாம் இல்லை. ஆழத்தில் பிழியப்பட்ட களியும் வாயுவும் கொப்புளம் விட்டுக் குமிழியிடும் சேற்று மேடு. டூரிஸ்டுகள் இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று முகம் சுளித்துத் திரும்புகிறார்கள். 2004 நிலநடுக்கத்தை அடுத்து அது பொங்கியது.

ஏறுபிளவு என்கிற கருத்தை ஏற்கவே ஐரோப்பா படாதபாடு பட்டது. சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மலையில் 25 கோடி ஆண்டுக்கு மேல் பழைய பாறை, 5 கோடி ஆண்டுகூட ஆகாத ஃபிளிஷ் மேல் உட்கார்ந்திருக்கிறது. கொள்ளுத்தாத்தா பேரன் தோளில் ஏறி உட்கார்ந்த மாதிரி. ஆர்னால்டு எஷர் 1840களிலேயே இதைப் பார்த்துவிட்டார். ஆனால் பழையது தள்ளப்பட்டு மேலே ஏறியது என்று எழுதினால் தன்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து, இரண்டு பெரிய மடிப்பு என்று சுற்றி வளைத்து ஒரு விளக்கம் கொடுத்தார். 1884இல் மார்செல் பெர்த்ராண்ட் என்ற பிரெஞ்சுக்காரர், அந்த மலையை நேரில் பார்க்காமலே, வரைபடத்தை வைத்து இது ஒரே ஏறுபிளவு என்று சொன்னார். எஷரின் சீடர் ஆல்பர்ட் ஹைம் கடைசியில் ஒத்துக்கொள்ள இன்னும் ஏறக்குறைய இருபது வருஷம் பிடித்தது. கண்ணால் பார்த்தவர் வாய் திறக்கவில்லை, பார்க்காதவர் சொன்னார். 2012இல் எங்கள் ஊரில் இரு தரப்பிலும் ரெண்டு வகை ஆட்களும் இருந்தார்கள்.

*

தமிழர்களுக்கு அந்தத் தீவுகள் புதிதல்ல. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று வருவது நிக்கோபார்தான். 1756இல் டென்மார்க்காரர்கள் நிக்கோபாரைத் தங்களுடையது என்று அறிவித்து, நம் தரங்கம்பாடியிலிருந்து ஆளப் பார்த்தார்கள். காய்ச்சலில் செத்துச் செத்து, கடைசியில் 1868இல் பிரிட்டனிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்தமான் பாறைகளை முதலில் ஒழுங்காக வகைப்படுத்தியவர் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையை நிறுவிய தாமஸ் ஓல்டாமின் மகன். 1885இல் வெளியிட்ட குறிப்பில் இந்த ஃபிளிஷை அவர் போர்ட் பிளேர் வரிசை என்று அழைத்தார். பின்னாளில் பூமிக்குள் ஒரு கரு இருக்கிறது என்று நிலநடுக்க அலைகளை வைத்துக் கண்டுபிடித்த அதே ஓல்டாம். ஆனால் எங்கள் கதைக்கு முக்கியமானது அதற்கு முந்தைய வருஷம் அவர் எழுதிய இன்னொரு குறிப்பு. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே ஒரு பெரிய நிலநடுக்கம் நடந்தது. அதைப் பற்றியது.

அந்த நிலநடுக்கத்தின் அலை வங்கக் கடலைத் தாண்டி சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் வந்தது. உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. கரையில் நின்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. அப்போதுதான் புதிதாக வைத்திருந்த கடல்மட்ட அளவுக் கருவிகளின் காகிதச் சுருளில் மட்டும் ஒரு நடுக்கம் விழுந்தது. தமிழ்க் கரைக்கும் அந்தமான் ஏறுபிளவுக்கும் இடையில் தண்ணீர் வழியாக ஒரு கம்பி ஓடுகிறது என்பதற்கு எழுத்து சாட்சி 1881லேயே இருந்தது. அந்தச் சுருள்களை மறுபடி எடுத்து, கணினியில் போட்டு, மொடெஸ்டோ ஓர்ட்டிஸும் ரோஜர் பில்ஹாமும் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். வெளியான வருஷம் 2003.

அடுத்த வருஷம் டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.28. சுமத்ராவுக்கு அருகில் விட்டுக்கொடுத்த பிளவு, வடக்கு நோக்கி ஜிப் அவிழ்கிற மாதிரி அவிழ்ந்து, பத்து நிமிஷத்துக்குள் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓடி, அந்தமானில் வந்து நின்றது. நூற்றாண்டுக் கணக்கில் நகம் நகமாகச் சேர்த்து வைத்த நகர்வு, சில இடங்களில் 15 மீட்டருக்கும் மேல், ஒரே உதையில் தீர்ந்தது. அமுக்கிப் பிடித்த ஸ்கேலின் முனையை விட்ட மாதிரி மேற்பாளத்தின் முன்விளிம்பு எகிறியது. வடக்கு சென்டினல் தீவைச் சுற்றிப் பவளப்பாறை கடலுக்கு மேலே வந்து காய்ந்து வெளுத்தது. பின்பக்கம் அமுங்கியது. போர்ட் பிளேர் கரை தாழ்ந்தது. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனையில் கலங்கரை விளக்கம் நின்ற நிலம் நான்கு மீட்டருக்கும் மேல் இறங்கி, விளக்கம் இன்று கடலுக்குள் நிற்கிறது. மலை வளர்வது இப்படித்தான். கோடி ஆண்டு என்று நாம் சொல்வதெல்லாம் இந்த மாதிரிப் பத்து நிமிஷங்களின் கூட்டல்.

அந்தப் பிளவின் மேலேயே தமிழர்கள் இருந்தார்கள். நிக்கோபாரில் கச்சால் என்று ஒரு தீவு. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை ரப்பர்த் தோட்ட வேலைக்கு அங்கே குடியமர்த்தினார்கள். தேயிலையிலிருந்து ரப்பருக்கு. ஒரு கையெழுத்தில் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு. 2000ஆம் ஆண்டின் முதல் சூரியன் இந்தியாவில் இங்கேதான் உதிக்கும் என்று விளம்பரம் செய்தார்களே, அதே கச்சால். 2004இல் நிக்கோபார் தீவுகளில் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று அது. ஆயிரக்கணக்கானோர் காணாமல் போனார்கள். பெரும்பாலும் நிக்கோபாரியர்கள்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர். நாகப்பட்டினத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல். அலை இலங்கையைச் சுற்றி வளைந்து எங்கள் பக்கம் முற்பகலில் வந்தது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கானோர் மாட்டிக்கொண்டார்கள். மணக்குடியில் பாலம் பெயர்ந்தது, குளச்சலில் பிணக்குழி தோண்டினார்கள். நெல்லைக் கரையில் சாவு குறைவு, வள்ளமும் வலையும் வீடும் போனது. பிறகு சுனாமியில் வீடிழந்தவர்களுக்கு இடிந்தகரையில் குடியிருப்பு கட்டிக் கொடுத்தார்கள். ஆலையின் சுற்றுச்சுவர் பார்வையில் படுகிற தூரத்தில்.

*

2011இல் 1,500 கிலோமீட்டர் என்ற வார்த்தை அந்தக் குடியிருப்பில் போய் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசியுங்கள். அந்த வீடே அந்த 1,500 கிலோமீட்டரைக் கடந்து வந்த ஒன்றால் கட்டப்பட்டது.

குழுவுக்கு நியாயமாக இருக்க வேண்டும். அலையை அவர்கள் மறக்கவில்லை. எவ்வளவு உயரம் வரலாம் என்று கணக்குப் போட்டு, ஆலைத் தளம் அதைவிட மேலே இருக்கிறது என்றார்கள். பாறையைப் பற்றிச் சொன்னதிலும் எனக்கு மறுப்பில்லை. எங்கள் கல் செத்த மலை, அங்கே இருப்பது உயிரோடு வளர்கிற மலை. ஆனால் தூரம் என்கிற எண்ணை ஆறுதலாக வைத்ததுதான் தப்பு. அந்தப் பிளவிலிருந்து கிளம்பும் அலை ஆழ்கடலில் ஜெட் விமான வேகத்தில் வருகிறது. அங்கே கடல்சேறு மலையாக ஏறிக்கொண்டிருக்கிறது, அது மறுபடி உதைக்கும், எப்போது என்று தேதி சொல்ல முடியாது, அதனால் இன்னின்ன ஏற்பாடு என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஆட்களுக்குப் புரிந்திருக்கும். கடலையே படித்தவர்கள் அவர்கள்.

எதிர்த்தவர்கள் பக்கமும் எல்லாம் சரியில்லை. நிலநடுக்க மண்டலம், சுண்ணாம்புக் குழி, எரிமலைக் குழம்பு என்று எல்லாவற்றையும் ஒரே துண்டுப்பிரசுரத்தில் கொட்டினார்கள். ஆனால் அவர்கள் எழுப்பிய ஒரு கேள்வி வலுவானது. மன்னார் வளைகுடாவின் ஆழ்சரிவில், கன்னியாகுமரிக்குக் கிழக்கேயும் கொழும்புப் பக்கமும், பெரிய சேற்றுச் சரிவுகள் பழங்காலத்தில் நடந்த தடம் இருப்பதை 1980களின் கடலாய்வுகள் பதிவு செய்தன. அது ஏறுபிளவு வேலை அல்ல. கண்டத்தின் ஓரத்தில் குவிந்த சேறு தன் பாரத்தால் வழுக்கிய தடம். 1929இல் கேபிள்களை அறுத்தது இப்படிப்பட்ட ஒரு சரிவுதான். அன்று அந்தச் சரிவு எழுப்பிய அலையில் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் 28 பேர் இறந்தார்கள். இந்தக் கேள்விக்கு 1,500 கிலோமீட்டர் பதிலாகாது. குழு அதைப் பெரிய அபாயமாக எடுத்துக்கொள்ளவில்லை. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் ஆலையை அனுமதித்தது, ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கியது. வழக்கு வாங்கிய ஆட்கள் பஞ்சாயத்து ஆபீஸுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தார்கள்.

அந்தமானிலிருந்து திரும்பியதும் ஆச்சியிடம் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். கவிழ்ந்து கிடக்கிற மடிப்பு, பக்கத்தில் அளவுக்காக மாமா பையனின் செருப்பு. கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பாயச் சுருட்டி வச்ச மாதிரில்லா இருக்கு."

ஆமாம் என்றேன். கடல்ல கெடந்த சேறு ஆச்சி, நம்ம தரை அடியில போய்த் தள்ளுது, அதான் சுருண்டு மேல வருது என்றேன்.

"இன்னமும் தள்ளுதா?"

"தள்ளுது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அதுக்கு மேல நம்ம ஆளுவ யாரும் இருக்காவளா?"

கச்சாலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.